கூரை ஒழுகினால் யாரிடம் சொல்வீர்கள்?

கேள்வி: "தலவாக்கலைப் பக்கம் எங்கள் ஊர். சட்டப் படிப்பை முடித்திருக்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு இணைந்த சட்டச் சீர்திருத்த ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு ஆய்வு உதவியாளராகச் சேர வாய்ப்பு வந்திருக்கிறது. அங்கே உண்மையில் என்ன வேலை நடக்கும்? அறிக்கை எழுதி அலுமாரியில் வைப்பதுதானா?"

எனக்கு முன் பதில் எழுதிய ஒருவர், அது தண்டச் சம்பளம் வாங்கும் இடம் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார். அந்த வரி கண்ணில் படாமல் இருந்திருந்தால் நான் இந்தப் பதிலை எழுதியிருக்கவே மாட்டேன். உங்கள் வீட்டு நிலைமையும் எனக்கு ஓரளவு விளங்குகிறது. தேயிலைத் தோட்டத்திலிருந்து சட்டம் படிக்கப் போன பிள்ளை கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நீதிமன்றப் படி ஏறும் என்று காத்திருக்கும் பெற்றோரிடம், சட்டத்தைத் திருத்துவதற்கு ஆய்வு செய்யப் போகிறேன் என்று சொன்னால், "ஏன், ஒனக்கு வழக்குப் பேசத் தெரியாதா?" என்றுதான் கேட்பார்கள். என் அம்மா அப்படித்தான் கேட்டார். இன்று நான் ஹட்டனில் வழக்கும் பேசுகிறேன் என்றாலும், அந்தக் கேள்விக்கு அன்று பதில் சொல்ல முடியாமல் நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த நிறுவனங்களின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் இலங்கையில் 1969ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட சட்ட ஆணைக்குழு அரசைச் சேர்ந்தது. கனடாவின் அல்பேட்டா மாகாணத்தில் வேறொரு வழியைக் கண்டார்கள். 1967இல் மாகாண அரசும் அல்பேட்டா பல்கலைக்கழகமும் சட்டத்தரணிகள் சங்கமும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்து, பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தின. மூன்று கல் அடுப்புப் போன்ற ஏற்பாடு அது. பானையின் பாரம் ஒரு கல்லின் மேல் மட்டும் விழுவதில்லை. தாஸ்மேனியாவில் 2001இலும், தென் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் 2010இலும் அதே முறையைப் பின்பற்றினார்கள். அடுப்பு அணையாது என்று எவரும் உறுதி கூற முடியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரசாங்க ஆணைக்குழுவுக்குப் பணம் நின்றுபோன பிறகு, 1997இல் வன்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில் தனி நிறுவனமாகத் தொடங்கித்தான் அந்த வேலை தொடர்ந்தது.

வேலை என்று பார்த்தால், ஒரு சட்டத்தில் எங்கே முள் குத்துகிறது என்று கண்டுபிடிப்பது, அதே முள்ளைப் பிற நாடுகளில் எப்படி எடுத்தார்கள் என்று படிப்பது, கலந்தாலோசனைப் பத்திரம் ஒன்றை வெளியிட்டு மக்களிடமும் சட்டத்தரணிகளிடமும் கருத்துக் கேட்பது, கடைசியாகப் பரிந்துரைகளோடு, சில வேளைகளில் சட்ட வரைவோடும், அறிக்கை எழுதுவது. நிறைவேற்றும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. அது சட்டமன்றத்தின் வேலை. ஆய்வு உதவியாளருக்குப் பெரும்பாலும் தீர்ப்புகளைத் தேடிப் படித்துக் குறிப்பெழுதுவதும், வந்த கருத்துகளை வகைப்படுத்துவதும், அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பதுமாகக் காலம் போகும். அலுப்பான வேலைதான், மறைக்கவில்லை. ஆனால் இந்த வரிசையில் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துவது கேள்வி கேட்கும் இடம் ஒன்றுதான். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பொகவந்தலாவைப் பக்கத்து லயம் ஒன்றில், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வாழும் வீட்டுத் தொடர் ஒன்றில், படித்தேன்.

அப்போது நான் சட்ட மாணவி. வெளிநாட்டில் அப்படியொரு நிறுவனத்தில் பழகிய இரண்டு ஆய்வாளர்கள், இங்குள்ள பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவருடன் சேர்ந்து, தோட்டக் குடியிருப்புகளுக்கு எந்தச் சட்டம் பொருந்துகிறது என்று ஆராய வந்தார்கள். எந்த நிறுவனம், எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மொழிபெயர்ப்பாளராக என்னை அமர்த்தினார்கள். ஆங்கில வினாக்கொத்தை நான்தான் தமிழாக்கினேன். அதன் முதற் கேள்வியை, "தாங்கள் தற்போது வதியும் வாசஸ்தலத்தின் உரித்து எவரிடம் உள்ளது?" என்று எழுதியிருந்தேன். எழுதிவிட்டு என் தமிழை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கேள்விக்கு முன்பே ஒரு தடங்கல் வந்தது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு, பேசும் ஒவ்வொருவரிடமும் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதித்திருந்தது. நல்ல விதிதான். ஆனால் லயத்தின் முதல் காம்பராவில், அதாவது முதல் வீட்டில், இருந்த பாட்டி, படிவத்தைக் கண்டதும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "கையெழுத்துப் போட்டுத்தாம்மா எங்கண்ணன் குடும்பம் கோச்சி ஏறுச்சு" என்றார். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இல்லாதிருந்த எங்கள் இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்து, மீதி 150,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலுக்கு எங்கள் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். படிவம் என்றால் பயப்படுகிறவர்களை அறியாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. படிவம் என்ன செய்யும் என்பதை நெறிமுறைக் குழுவைவிட அவர்கள் நன்றாக அறிவார்கள்.

பிறகு, வாய்மொழிச் சம்மதம் போதும் என்று அனுமதி பெற்றுக்கொண்டு மறுபடி போனோம். என் உரித்தும் வாசஸ்தலமும் முதல் வாசலிலேயே உதிர்ந்துபோயின. "இந்த வீடு யாருக்குச் சொந்தம்?" என்று எளிமையாக்கிக் கேட்டேன். முதல் காம்பராவில் "எங்களுதுதான்" என்றார்கள். அடுத்ததில் "தோட்டத்துக்கு" என்றார்கள். மூன்றாவதில் "தொரைக்கு", அதாவது தோட்ட நிர்வாகிக்கு. நான்காவதில் ஒரு இளைஞர், "கவர்மெண்டுக்கு" என்றார். ஒரே லயம், ஒரே கூரை, நான்கு பதில்கள். ஆய்வாளர் அவற்றை "தெளிவில்லை" என்ற கட்டத்தில் போடச் சொன்னார். தெளிவில்லாதது மக்களா சட்டமா என்று அங்கேயே நான் சண்டை பிடித்தேன். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் வந்த திருத்தமும் நிலத்தை அரசுக்குக் கொண்டுவந்தன; 1992இலிருந்து தனியார் கம்பனிகள் தோட்டங்களை நிர்வகிக்கின்றன; அடுப்படியையும் இஸ்தோப்பு என்ற முன் திண்ணையையும் குடும்பத்தார் தங்கள் காசில் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்; ஓர் ஆணி அடிப்பதென்றாலும் துரையிடம் கேட்க வேண்டியிருக்கிறது. நான்கு பதில்களும் உண்மைதான்.

அன்று மாலை மழை கொட்டியது. தங்கியிருந்த ஆசிரியர் விடுதியின் நடுவில் வாளி வைத்து ஒழுக்கை ஏந்திக்கொண்டிருந்தோம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கேள்வி மாறியது. மறுநாள், "கூரை ஒழுகினால் யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான், பேச்சு நிற்கவில்லை. "தலைவர்கிட்ட சொல்லுவோம், அவரு கண்டாக்கய்யாகிட்ட சொல்லுவாரு, அவரு ஆபீஸ்ல எழுதி வைப்பாரு, தகரம் வந்தா வரும்." (தலைவர் தோட்டத்துச் சங்கத் தலைவர், கண்டாக்கய்யா தோட்ட வேலையை மேற்பார்ப்பவர்.) வராவிட்டால்? "நாங்களே வாங்கிப் போட்டுக்குவோம்." வீட்டை விட்டுப் போக நேர்ந்தால், அந்தத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போகலாமா? அங்கேதான் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். ஆய்வாளர்களும் பேனாவை எடுத்தார்கள். நல்லெண்ணத்தோடு ஓர் ஆதனத்தை வைத்திருந்து அதை மேம்படுத்தியவருக்கு நட்டஈடு கேட்கும் உரிமையை ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த நம் ரோமன் டச்சுச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. வேலைக்காகக் குடியமர்த்தப்பட்ட குடும்பம் அந்த வகைக்குள் வருமா வராதா என்பதே தொங்கி நிற்கும் சிக்கல். சொந்தம் யாருக்கு என்று கேட்டிருந்தால் இந்த இடத்துக்கு நாங்கள் வந்திருக்கவே மாட்டோம்.

பாதை உடைந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்றும் கேட்டோம். "சபையில கேட்டா தோட்டத்துக்குள்ள செலவழிக்கச் சட்டமில்லைன்னு சொல்றாங்க" என்றார்கள். அது சாக்குப்போக்கு என்று நினைத்தேன். ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு உண்மையிலேயே குறுக்கே கிடந்தது. அது 2018இல் திருத்தப்பட்டது. எங்கள் அறிக்கையால்தான் திருத்தினார்கள் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. எங்களுக்கு முன்பிருந்தே பலர் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பிரிவின் ஒரு வாசகத்தால் முப்பது ஆண்டுகள் ஒரு பாதையில் ஒரு கல்கூடப் போடப்படாமல் இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வியைத் தவறாகப் போட்டு எங்கள் ஆட்களை ஊமையாக்குவது புதிதல்ல. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், மணமானவர்கள் 7 ஆண்டுகளும் மணமாகாதவர்கள் 10 ஆண்டுகளும் இடைவிடாமல் இங்கே வதிந்ததற்குச் சான்று கேட்டது. காலையில் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவருக்கு அது தெரியும். ஆனால் அதைக் காட்டும் செக்ரோல் என்ற வரவுப் பதிவேடு தோட்டத்து ஆபீசில் அல்லவா இருந்தது!

அந்த ஆய்வாளர்களின் தொடர்பில்தான் பின்னர் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் ஓராண்டு இருந்தேன். அங்கே படித்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அல்பேட்டாவில் ஐரீன் மர்டொக் என்ற பெண், கணவருடைய மாட்டுப் பண்ணையில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். புல் அறுத்தார், டிரக்டர் ஓட்டினார், மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார், சூட்டுக்குறி வைத்தார். பிரிந்தபோது பண்ணையில் பங்கு கேட்டார். பண்ணைக்காரர் எவருடைய மனைவியும் செய்கிற வேலையைத்தான் இவரும் செய்தார் என்ற முடிவை ஏற்று, 1973இல் கனடிய உச்ச நீதிமன்றம் அவருக்குப் பங்கில்லை என்றது. மாறாகத் தீர்ப்பெழுதியவர் ஒரேயொரு நீதியரசர், போரா லாஸ்கின். நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. அல்பேட்டா நிறுவனம் திருமணச் சொத்துப் பற்றிய தன் அறிக்கையை 1975இல் வெளியிட்டது. 1978இல் மாகாணம் அதற்கென்று ஒரு சட்டம் இயற்றியது.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மா மலையில் கொழுந்தெடுத்து முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, வாங்குவார். சம்பள நாளில் அந்தப் பணத்தையும் அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கி வருவார். பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் 1984இல் வந்தது. யார் கையில் கொடுப்பது என்பது பல வீடுகளில் அதற்குப் பிறகும் மாறவில்லை. அம்மாவிடம் யாராவது கேட்டிருந்தால், எல்லாப் பொம்பளைகளும் செய்கிற வேலைதானே என்று அவரே சொல்லியிருப்பார்.

இனி, "இதெல்லாம் வெளிநாட்டுக் காசில் நடக்கும் பிழைப்பு" என்று எழுதப் போகிறவர்களுக்கு: ஆம், காசு வெளியிலிருந்துதான் வந்தது. எங்கள் அறிக்கைக்குப் பிறகு அந்த லயத்தின் தகரம் மாறியதா என்றால், மாறவில்லை. நான் போன தைப்பொங்கலுக்குப் போய்ப் பார்த்தேன். தொழிற்சங்கத்தையோ வழக்கையோ விட ஆய்வு உயர்ந்தது என்றும் நான் சொல்லவில்லை. சங்கம் வாங்கிக் கொடுத்த சம்பளத்தில்தான் நான் படித்தேன்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். அந்த அறிக்கையின் நன்றியுரையில் வாகனம் தந்தவர், தங்க இடம் தந்தவர், தேநீர் தந்தவர் எல்லாருக்கும் நன்றி இருந்தது. மொழிபெயர்த்தவளின் பெயர் இல்லை. கூலியைப் பக்கக் கணக்கில் கொடுத்தார்கள். திருப்பித் திருப்பி எழுதிய ஐந்து வரைவுகளில் கடைசி வரைவின் பக்கங்களை மட்டும் எண்ணினார்கள். தமிழ் 1987இலேயே அரசியலமைப்பில் அரச கரும மொழியாகிவிட்டது. ஆய்விலோ அது இன்னும் பக்கத்துக்கு இவ்வளவு என்ற சரக்காகவே இருக்கிறது.

ஆகவே சேருங்கள், ஆனால் முதல் வாரத்திலேயே இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கலந்தாலோசனைக் கேள்விகளை எழுதும் கட்டத்தில் உங்களை உட்கார வைப்பார்களா, அறிக்கையில் உதவியாளர் பெயர் வருமா? முதலாவதற்கு இல்லை என்றால் அடிக்குறிப்புச் சரிபார்த்தே ஓராண்டு போய்விடும். வீட்டில் விளக்கம் கேட்டால் சீர்திருத்தம், ஆய்வு என்றெல்லாம் பேச வேண்டாம். கூரை ஒழுகினால் யார் தகரம் போட வேண்டும் என்பதைச் சட்டத்தில் எழுத வைக்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். நான் அப்படிச் சொன்ன பிறகு என் அம்மா வழக்கைப் பற்றிப் பேசவில்லை. எப்போது எழுதி முடிப்பாய் என்று மட்டும் கேட்டார்.