மரம் எங்கே நின்றது என்று கேளுங்கள்

கேள்வி: முன்பெல்லாம் துறைமுகப் படங்களில் ஆள் உயரப் பருமனில் அறுக்காத மரத் தடிகள் மலையாகக் குவிந்து கிடக்கும். இப்போது பலகை, பிளைவுட், கன்டெய்னர் என்றாகிவிட்டது. பெரிய மரங்களே தீர்ந்துபோய்விட்டனவா?

பதில்: குறைந்துபோனது உண்மை. ஆனால் அது பாதிக் காரணம்தான், மீதி விற்கிற நாடுகள் எடுத்த முடிவு. ஒரு தடியை அறுத்தால் பலகையாகத் தேறுவது ஏறக்குறைய பாதி. மற்றதெல்லாம் தூளும் சிறாயும். தடியாகவே கப்பலில் ஏற்றிவிட்டால் அறுப்பு, உலர்த்தல், பிளைவுட் என்று எல்லா வேலையும் கூலியும் வாங்குகிற நாட்டுக்குப் போய்விடும். இந்தோனேசியா 1985ல் தடி ஏற்றுமதியை நிறுத்தியது, சில ஆண்டுகளிலேயே உலகச் சந்தையில் பிளைவுட் விற்கும் பெரிய நாடாகிவிட்டது. அப்புறம் 2010ல் ஆப்பிரிக்காவின் காபோன், 2014 ஏப்ரலில் மியான்மர். 2022 ஜனவரியில் ரஷ்யாவும் பைன் போன்ற ஊசியிலை மரங்களின் பதப்படுத்தாத தடிகளை வெளியே விடுவதை நிறுத்தியது.

கேள்வி: அப்படித் தடை போட்டால் காடு பிழைத்துவிடும் அல்லவா?

பதில்: அந்த நாட்டுக் காடு ஓரளவு பிழைக்கும், பக்கத்து நாட்டுக் காட்டை யார் காப்பது? 1988 நவம்பரில் தெற்குத் தாய்லாந்தில் பெருமழை. காடு அழிந்த மலைச்சரிவுகள் அப்படியே வழுக்கி இறங்கின, சேற்றோடு சேர்ந்து வெட்டிப் போட்டிருந்த தடிகளும் உருண்டு வந்து வீடுகளை நொறுக்கின, நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். 1989 ஜனவரியில் அரசு காட்டு மரம் வெட்டுவதற்கே தடை போட்டது. நல்ல முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அறுவை ஆலைகளின் பசி அடங்கவில்லை, மியான்மர், லாவோஸ், கம்போடியா எல்லைகளைத் தாண்டி மரம் வரத் தொடங்கியது. சீனாவிலும் இதே கதை: 1998 யாங்சே ஆற்று வெள்ளத்துக்குப் பிறகு இயற்கைக் காடுகளில் வெட்டுவதைக் கட்டுப்படுத்தினார்கள், ஆனால் ஆலைகள் பெருகிக்கொண்டே போயின, உலகிலேயே அதிகம் தடி வாங்கும் நாடு அதுதான் என்றானது. இன்று அங்கே வந்து இறங்குவதில் பெரும்பங்கு நியூசிலாந்தில் நட்டு வளர்த்த ரேடியேட்டா பைன் என்ற ஊசியிலை மரம். காட்டு மரத்திலிருந்து நட்ட மரத்துக்கு வந்திருக்கும் இந்த மாற்றத்தைத்தான் நான் நம்பிக்கையோடு பார்க்கிறேன், காட்டை அழித்து நட்ட தோட்டமாக இல்லாதவரை.

கேள்வி: சான்றிதழில் ஒரு நாட்டின் பெயர் இருந்தால் மரம் அங்கிருந்துதான் வந்தது என்று நம்பலாமா?

பதில்: காகிதத்தை மட்டும் வைத்து நம்பாதீர்கள். 2022ல் உக்ரைன் போருக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய மரத்தை வாங்குவதை நிறுத்தியது. ஆனாலும் பிர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தில் செய்த ரஷ்ய பிளைவுட் கஜகஸ்தான், துருக்கி வழியாகச் சுற்றி வந்துகொண்டுதான் இருந்தது. அதைக் கண்டுபிடித்து, ரஷ்ய பிளைவுட்டுக்கு ஏற்கெனவே இருந்த கூடுதல் வரியை 2024ல் அந்த இரண்டு நாடுகளிலிருந்து வருவதற்கும் நீட்டித்தார்கள். இதற்கெல்லாம் மரமே சாட்சி சொல்லும், தெரியுமா? ஒவ்வோர் இடத்து மழைநீரிலும் ஆக்சிஜனின் ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் சற்று மாறுபடும் ஆக்சிஜன் அணு வகைகள், கொஞ்சம் வேறு விகிதத்தில் இருக்கும், மரம் தான் குடித்த தண்ணீரின் அந்த அடையாளத்தைத் தன் நாரில் வைத்துக்கொள்கிறது. ஒரு சின்னத் துண்டு கிடைத்தால் போதும், சொன்ன ஊர் மரம்தானா என்று ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம், ஒப்பிட அந்தப் பகுதி மரங்களின் மாதிரிகள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: தோட்டத் தேக்கு வாங்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் பெயரைப் பார்க்காமல் வெட்டுமுகத்தைப் பாருங்கள். கோஸ்டாரிகா, பனாமா, ஈக்வடார் தோட்டங்களில் இருபது, இருபத்தைந்து வருடத்திலேயே வெட்டிவிடுகிறார்கள். அந்தத் தடியின் குறுக்குவெட்டில் நடுவே பழுப்பு வட்டம் தெரியும், அதுதான் வைரம், அதாவது முற்றிய உள்மரம். அதைச் சுற்றி வெளுத்த வளையம் தடிமனாக இருக்கும், கரையான் முதலில் அங்கேதான் வாய் வைக்கும். கதவு, ஜன்னலுக்கு என்றால் அந்த வெளுத்த விளிம்பு இல்லாத பலகையாகப் பொறுக்கி எடுங்கள். உள் அலமாரித் தட்டுக்கு விளிம்போடு இருந்தாலும் சரி, கரையான் மருந்து அடித்துவிட்டால் போதும்.