சேலத்து சர்வர் என்ஜினியருக்கு சிங்கப்பூரில் மதிப்பு உண்டா?

உங்கள் கேள்வியைப் படித்தேன் தம்பி. ஐந்து ரோடு பக்கம் ஒரு டீலரிடம் சர்வர், ஸ்டோரேஜ் சர்வீஸ் பார்த்த உங்களுக்கு சிங்கப்பூரில் அதே வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் திருச்சியிலிருந்து கிளம்புகிறீர்கள். நம்ம ஊர் அனுபவத்தை அங்கே மதிப்பார்களா, பின்னால் சேல்ஸுக்கு மாறலாமா, வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சேலத்திலிருந்து இதே வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவன்தான். இப்போது லீவில் அஸ்தம்பட்டி வீட்டில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் இடி இறங்கி சர்வர் படுத்தபோது, பழைய மெஷின் ஒன்றிலிருந்து பவர் சப்ளையைக் கழற்றி மாட்டி அன்று மாலையே ஓட வைத்ததைச் சொல்லியிருந்தீர்கள். நல்ல வேலை. ஸ்பேர் கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரவேண்டிய ஊரில், மழையோடு மழையாக இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனவர் வெறுங்கையோடு இறங்க முடியாதுதான். ஆனால் இதையே சிங்கப்பூரில் ஒரு வங்கியின் ரேக்கில் (சர்வர்களை அடுக்கி வைக்கும் அலமாரி) செய்தால் உங்களை மறுபடி அந்தக் கட்டடத்துக்குள் விடமாட்டார்கள்.

இது யாரோ ஒரு மேனேஜரின் கெடுபிடி இல்லை. சிங்கப்பூர் நாணய ஆணையம் 2014 முதல் வங்கிகளுக்கு வைத்திருக்கும் விதி அப்படி. முக்கியமான சிஸ்டம் ஒவ்வொன்றும் எந்த 12 மாதத்தை எடுத்தாலும் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல் எதிர்பாராமல் நின்றுபோகக் கூடாது. பெரிய கோளாறு என்று தெரிந்தால் 1 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். அதற்கு அப்புறம் யார் எதைத் தொட்டார், யார் அனுமதித்தார் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் ஒரே ஒரு டிஸ்க் மாற்றுவதற்கும் முன்கூட்டியே உங்கள் பெயர், அடையாள அட்டை விவரம், கொண்டுபோகும் ஸ்பேரின் சீரியல் நம்பர் எல்லாம் போய், சேஞ்ச் டிக்கெட் (மாற்றம் செய்வதற்கான அனுமதி விண்ணப்பம்) அப்ரூவ் ஆகி, கூட ஒரு ஆள் நிற்க, குறித்த நேரத்தில்தான் கை வைப்பீர்கள். அந்த நேரம் பெரும்பாலும் ஞாயிறு விடியற்காலை 2 மணியாக இருக்கும். ரேக்கில் பக்கத்து சர்வரில் கோளாறைக் காட்டும் ஆம்பர் விளக்கு எரிந்தால்கூடப் பார்த்துவிட்டுச் சொல்லலாம், தொடக் கூடாது. நம்ம ஊர்ப் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், கை துறுதுறுவென்று இருக்கும்.

கழற்றிய டிஸ்கையும் பைக்குள் போட்டுக்கொண்டு வரமுடியாது. டேட்டா வெளியே போகக் கூடாது என்பதற்காகவே, கெட்ட டிஸ்கைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் உரிமையை வங்கிகள் தனியாகக் காசு கொடுத்து வாங்கியிருக்கும். அது காண்டிராக்டில் இருக்கிறதா என்று போவதற்கு முன்பே பாருங்கள்.

இன்னொன்று, ஃபர்ம்வேர், அதாவது டிஸ்க் மாதிரி பாகங்களுக்கு உள்ளேயே இருக்கும் மென்பொருள். இங்கே "ஓடுற மெஷின்ல எதுக்குக் கை வைக்கணும்" என்று விட்டுவிடுவோம். 2019 நவம்பரில் சர்வர் கம்பெனியான ஹெச்பிஇ ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி டிஸ்க் மாடல்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், டேட்டாவும் திரும்பாது, உடனே புது ஃபர்ம்வேர் போடுங்கள் என்று. அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரம். ஒரே நாளில் வாங்கி ஒரே ரெய்டில் (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி பல டிஸ்கை ஒன்றாகக் கட்டும் ஏற்பாடு) போட்ட டிஸ்குகள் ஏறக்குறைய ஒன்றாகவே அந்தக் கணக்கைத் தொடும். ரெய்டு 6 என்றாலும் இரண்டு டிஸ்க் போகும் வரைக்கும்தான் தாங்கும், மூன்றாவது போனால் எல்லாம் போச்சு. அங்கே சப்போர்ட் என்ஜினியரின் பாதிப் பொழுது இந்த மாதிரி அறிவிப்புகளைப் படித்து, கஸ்டமரிடம் இருக்கும் சீரியல் நம்பர்களோடு ஒப்பிடுவதில்தான் போகும்.

அப்படியானால் சேலத்து அனுபவம் வீணா? இல்லை. கம்பெனி சப்போர்ட் முடிந்துபோன பழைய பெட்டிகளை ஓட்டிக்கொண்டிருக்கும் கஸ்டமர்கள் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏ.எம்.சி. (வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்) எடுக்கும் மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. லாக் அனுப்பி மேலிடத்தில் கேட்க ஆள் இல்லாத அந்த இடத்தில், பழைய கன்ட்ரோலரையும் கேஷ் பேட்டரியையும் கையால் பார்த்துப் பழகியவர்களைத் தேடுவார்கள். உங்கள் ஏற்காட்டுக் கதையை அங்கே சொல்லுங்கள்.

சேல்ஸுக்கு இரண்டு வருடம் கழித்துப் போங்கள், அவசரம் வேண்டாம். இங்கே செவ்வாய்ப்பேட்டை வியாபாரிக்கு சர்வர் விற்பது பழக்கத்தாலும் கடன் தவணையாலும். அங்கே உங்களுக்கு முன்னால் வேறு பார்ட்னர், அதாவது இன்னொரு டீலர், அந்த புராஜெக்டை கம்பெனியிடம் தன் பெயரில் பதிந்து டீல் ரிஜிஸ்டர் செய்துவிட்டால், நீங்கள் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் அவர் விலைக்கு வரமுடியாது. நிதியாண்டு முடியும் தேதிகளும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஹெச்பிஇக்கு அக்டோபர் 31, டெல்லுக்கு ஜனவரிக் கடைசி, ஸ்டோரேஜ் கம்பெனியான நெட்ஆப்புக்கு ஏப்ரல் கடைசி. டிஸ்கவுன்ட் அப்போதுதான் இளகும், கஸ்டமருக்கும் அது தெரியும். சப்போர்ட் ரினீவலில் வரும் காசு நிலையானது, நான் அந்தப் பக்கம் போகத்தான் சொல்வேன்.

வாழ்க்கை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் எல்லாம் கிடைக்கும், தட்டுவடை செட்டுக்குத்தான் ஏங்குவீர்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்கு சிபிஎஃப் (நம்ம பி.எஃப். மாதிரி) கிடையாது, சேமிப்பு உங்கள் பொறுப்பு. இங்கே போல சைடில் யாருக்காவது மெஷின் பார்த்துக் கொடுக்கும் பேச்சே வேண்டாம். வேலை அனுமதி பாஸில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும்தான் வேலை செய்யலாம், மீறினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஏற்காட்டுக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டர் பெட்டியில் இருக்கட்டும், டேட்டா சென்டருக்குள் குளிர் எலும்பு வரை போகும்.

கிளம்புமுன் ஆஃபர் லெட்டரில் ஆன்-கால் (எந்த நேரம் கூப்பிட்டாலும் போகும் முறை) பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சம்பளம் ஒரு அளவைத் தாண்டினால் ஓவர்டைம் சட்டப்படி வராது, கம்பெனி எழுதிக் கொடுப்பதுதான். ராத்திரி ரயில் 12 மணி வாக்கில் நின்றுவிடும். 2 மணி வேலைக்கு டாக்சிக் காசு யார் தருவது என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். புரியாவிட்டால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், இந்த வாரம் சேலத்தில்தான் இருக்கிறேன்.