ஆங்கிலேயக் குடும்பங்களின் வேர் தேடுவோருக்கு: கேள்வி பதில்

இங்கிலாந்து, வேல்ஸ் குடும்ப வரலாற்றை ஊர் ஆவணங்களில் தேடுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். டிஎன்ஏ சோதனை என் துறை அன்று. அந்தக் கேள்விகளை விட்டுவிட்டேன்.

லெஸ்டரிலிருந்து: என் மனைவியின் குடும்பப் பெயர் கிரீன்வுட். பசுமையான காடு என்று பொருள் புரிகிறது. எந்தக் காடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காட்டை விடுங்கள். உங்கள் மாமியாரிடமிருந்தும் மாமனாரிடமிருந்தும் தொடங்குங்கள். அவர்கள் பிறப்புச் சான்றிதழ், அதிலிருந்து பெற்றோரின் திருமணச் சான்றிதழ், அதிலிருந்து இரு சம்பந்திகளின் பெயரும் தொழிலும் என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். (திருமணப் பதிவில் தகப்பன்மார் பெயர் மட்டும்தான் இருக்கும். தாய்மார் பெயரையும் சேர்த்தது 2021 மே மாதத்தில்தான்!) அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது, அதுவரை இந்த வழியில் போய்விடலாம்.

அதற்கு முன்னால் போக ஊர் தெரிய வேண்டும். அதைச் சொல்வது 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு; பிறந்த பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதி) எது என்று அதில் இருக்கும். 1841 கணக்கெடுப்பில் அதே கவுண்டியில் (மாவட்டத்தில்) பிறந்தவரா என்பதற்கு ஆம், இல்லை மட்டும்தான். 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்ததால், 34 வயதுக்காரர் 30 என்று நிற்பார். அதை நம்பிப் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் வேறு யாருடைய தாத்தாவையோ வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவீர்கள்.

ஊர் தெரிந்தபின் பாரிஷ் பதிவேடு. 1538இல் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டதிலிருந்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வந்தார்கள். பழைய பதிவேடுகளில் பெரும்பாலானவை இப்போது கவுண்டி ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. கிரீன்வுட் என்ற பெயர் யார்க்ஷயரில் ஹாலிஃபாக்ஸ், ஹெப்டன்ஸ்டால் பக்கம் மலிந்து கிடப்பது. உங்கள் தேடல் அங்கே போய் முடியலாம். ஆனால் அது வெறும் குறிப்பு, சான்று ஆகாது. அங்கே போனால் தொல்லையே வேறு: ஒரே காலத்தில் ஒரே பெயரில் பல ஜான் கிரீன்வுட்கள். தொழிலையும் வசித்த இடத்தையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். யாரோ தட்டச்சு செய்த அட்டவணையோடு நிற்காதீர்கள். மூலப் பக்கத்தின் படத்தைப் பாருங்கள்.

ரீடிங்கிலிருந்து: எங்கள் குடும்பப் பெயருக்கான கேடயச் சின்னத்தை ஒரு கடையில் சட்டம் போட்டு விற்கிறார்கள். வாங்கலாமா?

சுவருக்கு அழகு என்றால் வாங்குங்கள். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் ஒரு தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது; குடும்பப் பெயருக்கு உரியது அன்று. அதை வழங்கிப் பதிந்துவைக்கும் அமைப்பான, 1484இல் ஏற்பட்ட காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் லண்டனில் இன்றும் இருக்கிறது. உரிமை உண்டா என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கோவையிலிருந்து: ஆய்வுக்காக ஒரு பாரிஷ் பதிவேட்டைப் படிக்கிறேன். தாயை அடக்கம் செய்தது 1723 பிப்ரவரி, அவள் குழந்தைக்கு ஞானஸ்நானம் 1723 ஜூன். குழந்தை பிறந்து நான்கு மாதம் கழித்துத்தான் ஞானஸ்நானம் என்று கொள்ளலாமா, தம்பதியர் வேறா?

நல்ல கேள்வி, தம்பி. இரண்டும் இல்லை. அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு பிறப்பது மார்ச் 25. எனவே 1723 ஜூன் முதலில் வந்தது. 1723 பிப்ரவரி அதற்கு எட்டு மாதம் கழித்து, நம் கணக்கில் 1724 பிப்ரவரி. குழந்தைக்குப் பெயர் வைத்தபின்தான் தாய் இறந்திருக்கிறாள். குறிப்பெடுக்கும்போது 1723/24 என்று இரட்டையாக எழுதுங்கள். 1752 முதல் ஜனவரி 1க்கு மாறினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 2க்கு மறுநாள் 14 என்று வைத்துப் பதினொரு நாளையும் கழித்தார்கள்.

மதுரையிலிருந்து: ஸ்மித் கொல்லர், டெய்லர் தையற்காரர், பேக்கர் ரொட்டி சுடுபவர். அங்கேயும் சாதி இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வேண்டும். பெயர் நிலைத்த காலத்தைப் பாருங்கள். இங்கிலாந்தின் பெரும்பகுதியில் 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் குடும்பப் பெயர்கள் பரம்பரைப் பெயர்களாகிவிட்டன. அதன் பிறகு ஸ்மித்தின் மகன் மாடு மேய்த்தாலும் ஸ்மித்தான். ஸ்மித் வீட்டுப் பெண் டெய்லர் வீட்டில் வாழ்க்கைப்பட்டால் யாரும் பஞ்சாயத்துக் கூட்டவில்லை. தொழில் பெயரில் உறைந்தது, ஆளிடம் உறையவில்லை.

டொராண்டோவிலிருந்து குறுக்கே: ஐயா, மழுப்புகிறீர்கள். கில்டு என்ற வணிகர், கைவினைஞர் சங்கத்தில் தகப்பன் உறுப்பினர் என்றால் மகனுக்கு உரிமை தானாக வந்தது. இது பிறப்புரிமை இல்லையா?

பிறப்புரிமைதான். ஆனால் அந்தக் கதவு ஒன்று மட்டும் அன்று. ஏழாண்டு பயிற்சி பெற்று நுழைந்தவர்களும் பணம் கட்டி நுழைந்தவர்களும் உண்டு. லண்டன் வழக்கப்படி, கில்டு வழியாக நகரில் தொழில் செய்யும் உரிமை பெற்றவர் வேறு தொழிலும் செய்யலாம். மீன் வியாபாரிகள் கில்டில் மீனையே தொடாதவர் இருக்கலாம். வர்க்கம் இருந்ததா என்று கேளுங்கள், இருந்தது, கொடூரமாகவே இருந்தது. அதற்குச் சாதி என்று பெயர் வைத்தால் இரண்டையுமே புரிந்துகொள்ள முடியாது.

மீண்டும் மதுரை: அப்படியானால் தொழில் பெயர்களால் பயனே இல்லை என்கிறீர்களா?

யார் சொன்னது? அவை பிராந்தியத்தைச் சொல்லும். நெய்த கம்பளியைத் தண்ணீரில் போட்டு மிதித்து இறுக்குவது ஒரே வேலை. தென்கிழக்கில் அவர் ஃபுல்லர், டெவன் பக்கம் டக்கர், வடக்கே வாக்கர். ‘நடப்பவர்’ என்று பொருள் சொல்லும் இணையதளங்களை மூடிவிடுங்கள். அந்த நடை துணியின் மேல் நடந்தது. பேக்ஸ்டர், வெப்ஸ்டர் இரண்டும் முதலில் பெண்ணைக் குறித்த வடிவங்கள், ரொட்டி சுடுபவளும் நெசவு செய்பவளும். பிறகு ஆண்களுக்கும் வழங்கிக் குடும்பப் பெயராயின. சாதிச் சண்டையை இத்துடன் நிறுத்துகிறேன். இன்னும் எட்டுப் பேர் அதையே எழுதியிருக்கிறார்கள்.

பர்மிங்காமிலிருந்து: என் கணவரின் முன்னோர் பரம ஏழைகள். நிலம் இல்லை, உயில் இல்லை. ஒன்றும் கிடைக்காது, இல்லையா?

அம்மா, ஏழைகளுக்குத்தான் அதிகம் கிடைக்கும். 1662 சட்டப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு பாரிஷ் சொந்தம். பசி வந்தால் அந்தப் பாரிஷ்தான் சோறு போட வேண்டும். வேற்றூரில் ஒருவன் நொடித்துப்போனால் அந்த ஊர்க்காரர்களுக்கு வரி கூடும். உடனே இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் முன்னால் நிறுத்தி, அவன் எந்தப் பாரிஷுக்கு உரியவன் என்று விசாரிப்பார்கள்: எங்கே பிறந்தாய், யாரிடம் தொழில் பழகினாய், எந்தப் பண்ணையில் ஒரு முழு ஆண்டு கூலிக்கு இருந்தாய், ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகையில் வீடு பிடித்தாயா? அவன் சொல்லச் சொல்ல எழுதி, கீழே அவன் கீறல் போடுவான். பெரிய மனிதர்களின் பதிவேட்டில் இரண்டு வரிதான். இவனுக்கோ பிள்ளைகளின் வயது வரை ஒரு வாழ்க்கையே ஒரு தாளில் கிடைக்கிறது. முழு ஆண்டு வைத்திருந்தால் அவன் நம் ஊர்ச் செலவாகிவிடுவான் என்று 51 வாரத்தில் கணக்குத் தீர்த்து அனுப்பிய பண்ணைக்காரர்களும் உண்டு. விசாரணைக்குப் பின் வெளியேற்றும் உத்தரவு வந்தால், எந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்பதும் தெரியும்.

ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர் இல்லையா? பாரிஷ் பெட்டியில், அதாவது தேவாலயத்தில் பூட்டி வைத்திருந்த ஊர் ஆவணங்களில், தேடுங்கள். திருமணமாகாத தாயிடம் சத்தியம் வாங்கித் தகப்பன் பெயரைச் சொல்லவைப்பார்கள், அவனிடம் பணம் வசூலிக்க. அந்தப் பெண்ணின் மீது இரக்கம் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை.

ஈலிங்கிலிருந்து: எங்கள் பெயருக்கும் கேடயச் சின்னம் இருக்குமா?

ரீடிங் நண்பருக்குச் சொன்னதேதான்.

பெரம்பூரிலிருந்து: எங்கள் பாட்டனாரின் தாத்தா ஆங்கிலேயர், மதராஸில் திருமணம் செய்தார் என்பது குடும்பச் செய்தி. லண்டனில் தேட வேண்டுமா?

தேடலாம். இங்குள்ள பாதிரிமார் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்களை லண்டனுக்கு அனுப்பிவந்தார்கள். அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. மதராஸ் வரிசைக்கு என்/2 என்று குறி. கோட்டையிலுள்ள செயின்ட் மேரி தேவாலயம் 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது. ராபர்ட் கிளைவ் 1753இல் மணமுடித்ததும் அங்கேதான். தாய்வழியில் இந்தியப் பெண் இருந்தால் அவள் பெயர் பல பதிவுகளில் இருக்காது. அந்த இடத்தில் ஊகத்தை எழுதாமல் காலியாக விடுங்கள்.

கார்டிஃபிலிருந்து: ஜோன்ஸ்.

என் அனுதாபங்கள், அங்கே அவ்வளவு பேருக்கு அந்தப் பெயர். வேல்ஸில் தகப்பன் பெயரே அடுத்த பெயர், நம் இன்ஷியல் போல. சில பகுதிகளில் 19ஆம் நூற்றாண்டு வரை அப்படி. ‘ரீஸின் மகன்’ என்ற ‘ஆப் ரீஸ்’ பிரைஸ் ஆனார், ‘ஆப் ஹவல்’ பவல் ஆனார். பெயரைத் துரத்தாதீர்கள், பண்ணையின் பெயரைப் பிடியுங்கள்.

நாட்டிங்காமிலிருந்து: அயர்லாந்து வழி?

தனியாகக் கேளுங்கள். 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது; 1901க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் துண்டு துணுக்குகளே மிஞ்சின. அதற்கு வேறு உத்தி வேண்டும்.

ஆக்ஸ்ஃபர்டிலிருந்து: இணையத்தில் ஒரு வம்ச மரம் எங்களை வெற்றியாளர் வில்லியம் (1066இல் இங்கிலாந்தை வென்ற மன்னர்) வரை கொண்டுபோகிறது. நம்பலாமா?

ஒவ்வொரு இணைப்புக்கும் மூலப் படம் இருக்கிறதா? இல்லையென்றால் நம்ப வேண்டாம். அதே மரத்தைத்தான் நூறு பேர் நகலெடுத்திருப்பார்கள்; நூறு நகல் நூறு சாட்சி ஆகாது.

ஹாரோவிலிருந்து: 1931 கணக்கெடுப்பு எப்போது வெளியாகும்?

இங்கிலாந்து, வேல்ஸுக்கு வெளியாகாது. 1942 டிசம்பரில் தீக்கிரையாகிவிட்டது. 1941இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த பதிவேடு மட்டும் இடைவெளியை நிரப்பும். அதில் இன்னும் உயிரோடு இருக்கக்கூடியவர்களின் வரிகள் மறைக்கப்பட்டிருக்கும். இறந்ததற்குச் சான்று கொடுத்தால் திறப்பார்கள்.