இசையில் இனம் கேட்குமா?

கேள்வி: என் மகள் வயலினில், மெண்டல்சோன் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளரின் கான்செர்ட்டோ (ஒரு தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) பயில்கிறாள். கூடப் படிக்கும் பையனின் அப்பா, "அவர் யூதர். வித்தை இருக்கும், ஆழம் இருக்காது. கூர்ந்து கேட்டால் தெரியும்" என்றார். அன்றிலிருந்து எனக்கும் ஏதோ குறைவது போலவே படுகிறது. இனம் இசையில் தெரியுமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை. அவர் சொன்ன வார்த்தைதான் அங்கே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அது அவருடைய சொந்தக் கருத்தும் இல்லை.

1850-ல் ரிச்சர்ட் வாக்னர் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளர், இசையில் யூதர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மெண்டல்சோனுக்குத் திறமை எல்லாம் உண்டு, ஆனால் யூதர் என்பதால் நெஞ்சைத் தொட முடியாது என்றார். மெண்டல்சோன் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பதில் சொல்ல ஆள் இல்லை. அதையும் புனைபெயரில்தான் எழுதினார். சொந்தப் பெயரைப் போட 19 ஆண்டுகள் ஆயின.

இத்தனைக்கும் மெண்டல்சோன் ஏழு வயதிலேயே ஞானஸ்நானம் பெற்றவர். மறந்துபோயிருந்த, பாக் என்ற பழைய ஜெர்மானிய இசை மேதையின் 'மத்தேயு பாடுகள்' என்ற கிறிஸ்தவப் பேரிசையை 1829-ல், தன் 20 வயதில், பெர்லினில் மீண்டும் ஒலிக்க வைத்தவர். வாக்னருக்கு அது எதுவும் பொருட்டில்லை. மதம் மாறலாம், பிறப்பு மாறாதே! மத வெறுப்பு இன வெறுப்பானது இப்படித்தான்.

அது எங்கே போய் முடிந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. உங்கள் மகள் வாசிக்கும் கான்செர்ட்டோ முதன்முதலில் 1845-ல் லைப்சிக் நகரில் அரங்கேறியது. அங்கே நின்ற மெண்டல்சோன் சிலையை 1936-ல், மேயர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, ஹிட்லரின் நாஜிகள் அகற்றினார்கள். அவரது இசைக்கும் தடை வந்தது.

சரி, யூத இசை என்று ஒன்று கிடையாதா? உண்டு. யூதர்களின் ஜெப ஆலயத்தில் தலைமுறைகளாகப் பாடிவரும் மெட்டுகள் இருக்கின்றன. ஆனால் அவை காதால் கற்றுக்கொள்வது, ரத்தத்தில் வருவதில்லை. அப்படியொரு ஜெப மெட்டை வைத்து செல்லோவுக்கு (வயலினின் பெரிய வடிவம் போன்ற வாத்தியம்) 'கோல் நித்ரே' எழுதிய மாக்ஸ் புரூக் ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்!

அந்த அப்பாவுக்குப் பெயர் சொல்லாமல் அதைப் போட்டுக் காட்டுங்கள். எழுதியவர் யூதரா இல்லையா என்று கூர்ந்து கேட்டுச் சொல்லட்டும். அப்புறம், இன்று மாலை மகள் பயிற்சி செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள். இரண்டாம் பகுதி வரை பொறுமையாகக் கேளுங்கள், அது அவ்வளவு அழகு.