இணையம் இல்லாத மெஷினில் டெப் கோப்பு: 'ஆப்ட்' ஏன் கண்டுகொள்வதில்லை?

கேள்வி: ஏற்காட்டில் உள்ள எங்கள் பயிற்சி மையத்தில் 8 கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றிலும் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்). இன்டர்நெட் கிடையாது. சேலத்தில் இறக்கிய லிப்ரே ஆபீஸ் 7.3.7 டெப் கோப்புகளை (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் பேக்கேஜ் கோப்புகள்), நிறுவும் கட்டளையான 'ஆப்ட் இன்ஸ்டால்' கொடுத்தால் 'அன்ஏபிள் டு லொகேட் பேக்கேஜ்' (பேக்கேஜ் கிடைக்கவில்லை) என்கிறது. கோப்பை நேரடியாக நிறுவும் 'டிபிகேஜி' கொடுத்தால் டிபென்டன்சி (தேவைப்படும் வேறு பேக்கேஜ் இல்லை என்ற) பிழை. இந்தப் பதிப்பு மாறாமலும் இருக்க வேண்டும். என்ன செய்வது?

பதில்: முதல் பிழைக்குக் காரணம் விடுபட்ட ஒரு சாய்கோடு. வெறும் கோப்புப் பெயரைக் கொடுத்தால், ரெப்பாசிட்டரியில் (பேக்கேஜ்களின் இணையக் கிடங்கில்) அந்தப் பெயரில் பேக்கேஜ் இருக்கிறதா என்றுதான் ஆப்ட் தேடும். கோப்புகள் உள்ள ஃபோல்டருக்குள் போய், 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' அடித்து, ஓர் இடைவெளி விட்டு, புள்ளி, சாய்கோடு, ஸ்டார், புள்ளி, டெப் என்று சேர்த்து அடியுங்கள். பதிப்பு எண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டாம், அது கோப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒரே பேக்கேஜின் இரண்டு பதிப்புகள் அங்கே கிடந்தால் மட்டும் பழையதை முதலில் அகற்றிவிடுங்கள்.

ஸ்டார் போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. லிப்ரே ஆபீஸின் ரைட்டர், கால்க் எல்லாம் அச்சு அசல் அதே பதிப்புள்ள 'கோர்' பேக்கேஜைக் கேட்கும். ஒவ்வொன்றாக டிபிகேஜியில் போட்டால் பாதியில் நிற்கும். அதைச் சரிசெய்ய 'ஆப்ட் மைனஸ் எஃப் இன்ஸ்டால்' கொடுக்கச் சொல்வார்கள். நெட் இல்லாத மெஷினில் அது விட்டதைச் சேர்க்காது, போட்டதைக் கழற்றிவிடும்.

இன்னொரு சிக்கல் சேலத்தில் இறக்கும்போதே ஆரம்பித்திருக்கும். 'டவுன்லோட் ஒன்லி' கொடுத்தால், அந்த மெஷினில் இல்லாதவை மட்டுமே இறங்கும். ஏற்கெனவே இருக்கிற லைப்ரரிகள் வராது. அதனால் புதிதாக 22.04 போட்ட, வேறெதுவும் ஏற்றாத மெஷினில் இறக்குங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகு ஒரு கோப்பு குறைகிறது என்று தெரிந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். மேலே போனதும் ஒரு மெஷினில் மட்டும் அதே ஆப்ட் கட்டளையில் 'மைனஸ் எஸ்' சேர்த்து, எதையும் நிறுவாமல் ஒத்திகை பாருங்கள். 'வில் பி ரிமூவ்ட்' (நீக்கப்படும்) என்ற தலைப்பில் எந்தப் பெயராவது வந்தால் 'ஒய்' அடிக்கும் வேலையே வேண்டாம்.

பதிப்பு மாறாதிருக்க, நிறுவிய லிப்ரே ஆபீஸ் பேக்கேஜ் பெயர்களை 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' கட்டளைக்குக் கொடுங்கள். என்றாவது மொபைல் ஹாட்ஸ்பாட்டில் அப்டேட் ஓட்டினாலும் அவை நகராது. பாதுகாப்புத் திருத்தங்களும் வராது என்பதால், நெட் இணைப்பு வந்ததும் 'அன்ஹோல்ட்' செய்துவிடுங்கள்.

பின்னாளில் ரெப்பாசிட்டரியிலிருந்து, பேக்கேஜ் பெயருக்குப் பின் சமக்குறி போட்டுப் பதிப்பைக் கேட்டால், கோப்புப் பெயரைப் பார்த்து எண்ணை எழுதாதீர்கள். 22.04-இல் லிப்ரே ஆபீஸின் முழு எண் '1:' என்று தொடங்கும், ஆப்ட் இறக்கிய கோப்பின் பெயரில் அது '1%3a' என்று மாறியிருக்கும். 'ஆப்ட் பாலிசி' காட்டும் எண்ணை அப்படியே எடுத்துப் போடுங்கள்.