ஆங்கிலம் சரியில்லை என்று கட்டுரை திரும்பி வந்ததற்கு

உலோக அரிமானம் (துருப்பிடிப்பது போல உலோகம் அரிக்கப்படுவது) பற்றிய உங்கள் ஆய்வுக் கட்டுரையை ஆங்கிலம் சரியில்லை என்று ஆய்விதழிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள், சரி, அதற்காக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம், அது வேறு தேவை. முதலில் செய்முறைப் பகுதியை எடுங்கள். தமிழில் செய்து, வைத்து, எடுத்து என்று அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் வினையை முடிப்போம். அந்தப் பழக்கத்தில் எஃகுத் தகட்டைத் தேய்த்தது, கழுவியது, 3.5 சதவீத உப்புக் கரைசலில் முக்கியது எல்லாம் ஒரே வாக்கியமாகிவிடுகிறது. மூன்றாக உடையுங்கள். எழுவாயும் வினையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், முடித்த வேலைக்கு இறந்தகாலம் போதும். முன்னுரையைக் கடைசியில் எழுதலாம். அப்புறம், காரைக்குடியில்தானே இருக்கிறீர்கள், அங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியில் கருத்தரங்கு நடந்தால் போய் ஒரு கேள்வியாவது ஆங்கிலத்தில் கேளுங்கள், திக்கினாலும் பரவாயில்லை. திருத்திய பத்தியை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.