கத்திக்குத்தைக் குறைக்க ஊர்க் கூட்டமைப்பு: ஊர்வலத்துக்கு அடுத்து என்ன?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு நடுத்தர நகரத்தில் வசிக்கிறோம். எங்கள் வட்டாரத்து இளைஞர்களிடையே அடுத்தடுத்துக் கத்திக்குத்துகள் நடந்ததால், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பெற்றோர் சங்கம் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கினோம். அமைதி ஊர்வலம் போனோம். பள்ளியில் விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தோம். கத்திகளைப் போட்டுவிட்டுப் போகும் பெட்டியும் வைக்கச் செய்தோம். சம்பவங்கள் குறையவில்லை. அடுத்து பையன்களைச் சிறைக்கு அழைத்துப்போய்க் காட்டலாம் என்கிறார்கள் சிலர். என்ன செய்யலாம்?

பதில்: சிறைக்கு அழைத்துப் போகாதீர்கள். பிள்ளைகளைப் பயமுறுத்தித் திருத்தும் அந்த முறையை அமெரிக்காவில் பலமுறை சோதித்துப் பார்த்தாயிற்று. போகாத பிள்ளைகளைவிடப் போய் வந்த பிள்ளைகள்தான் பின்னாளில் அதிகக் குற்றம் செய்தார்கள்.

நீங்கள் செய்த மற்ற வேலைகளில் தவறில்லை. ஆனால் அவை ஊர் முழுவதையும் பார்த்துப் பேசுகின்றன. கத்தி எடுப்பவர்களோ மிகச் சிலர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1990-களின் நடுவில் இளைஞர் கொலைகளை ஆராய்ந்தபோது, 61 கும்பல்களைச் சேர்ந்த சுமார் 1,300 பேர் கணக்கில் வந்தார்கள். அந்த வயதினரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்தான். நகரின் இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம் அந்த வட்டத்துக்குள் நடந்திருந்தது. உங்கள் ஊரில் அந்தச் சிலர் எங்கே, எப்போது, எந்தப் பகைக்காக மோதுகிறார்கள் என்று தெரியாமல் எதைச் செய்தாலும் குறி தப்பும்.

எந்தக் குற்றம் எங்கே நடந்தது என்று காட்டும் போலீஸ்.யூகே தளத்தின் வரைபடம் இதற்குப் போதாது. அதில் இடங்கள் தோராயமாகத்தான் குறிக்கப்படும். வன்முறையும் பாலியல் குற்றமும் ஒரே தலைப்பில் கிடக்கும். காயமே இல்லாத சம்பவங்களும் அதில் சேரும். இதைவிட நல்ல ஆவணம் ஒன்று உண்டு. கடுமையான வன்முறையைத் தடுக்கும் சட்டக் கடமை 2023 ஜனவரி 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கவுன்சில், காவல்துறை, சுகாதாரத் துறை முதலியவை கூடித் தேவை மதிப்பீடு ஒன்றும் செயல்திட்டம் ஒன்றும் தயாரித்தாக வேண்டும். கவுன்சிலின் சமூகப் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதி இரண்டையும் கேளுங்கள். உங்கள் வார்டைப் பற்றி அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தனியாகக் கேட்டு எழுதுங்கள்.

அடுத்தது மருத்துவமனை. வேல்ஸின் கார்டிஃப் நகரில் வாய், தாடை அறுவை மருத்துவரான ஜொனாதன் ஷெப்பர்டு, வன்முறையில் அடிபட்டு சிகிச்சைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் காவல்துறைப் பதிவிலேயே இல்லை என்று கண்டறிந்தார். அங்கே அவசரப் பிரிவின் வரவேற்பு மேசையிலேயே எப்போது, எங்கே, எதனால் அடிபட்டது என்று கேட்டுப் பதிந்தார்கள். பெயரை நீக்கிவிட்டு அந்த விவரங்களைக் காவல்துறைக்கும் கவுன்சிலுக்கும் அனுப்பினார்கள். ஒப்பான மற்ற நகரங்களை வைத்துப் பார்த்தபோது, வன்முறைக் காயத்துக்காக உள்நோயாளியாகச் சேர்பவர்கள் கார்டிஃபில் 42 சதவீதம் குறைந்திருந்ததாக 2011-இல் வெளியான ஆய்வு சொன்னது. இந்த விவரங்களை எப்படிப் பதிவது என்ற தர விதிமுறை இங்கிலாந்தின் மருத்துவமனைகளுக்கும் இருக்கிறது. கோளாறு வருவது பதிவுப் படிவத்தின் ‘எங்கே’ என்ற கட்டத்தில்தான். “தெருவில்”, “பார்க்கில்” என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. எந்தக் கடை வாசல், எந்தப் பேருந்து நிறுத்தம், பூங்காவின் எந்த நுழைவாயில் என்று இருக்க வேண்டும். வரவேற்பு மேசைக்காரர்களுக்கு மாதாமாதம் நன்றி சொல்லி, அவர்கள் எழுதியதால் எந்த இடத்தில் விளக்குப் போட்டார்கள், எங்கே ரோந்து மாறியது என்று காட்டினால்தான் அந்தக் கட்டம் ஒழுங்காக நிரம்பும். இதை உங்கள் கூட்டமைப்பே செய்யலாம்.

இடம் தெரிந்த பிறகு ஆட்கள். நடந்த கடுமையான சம்பவங்களை ஒவ்வொன்றாக எடுத்து, யாருக்கும் யாருக்கும் என்ன பகை என்று பேசும் அமர்வில் காவலர்கள், நன்னடத்தை அதிகாரிகள், தெருவில் இறங்கி வேலைசெய்யும் இளைஞர் பணியாளர்கள் ஆகியோர் மட்டும் இருக்கட்டும். பெயர்கள் பேசப்படும் அந்த அறையில் நீங்கள் உட்காராதீர்கள். அங்கே இருந்தவர் என்று தெரிந்தால் மறுநாளே எந்தப் பையனும் உங்களை நம்பமாட்டான்.

பாஸ்டனில் 1996-இல் நடத்தியதுபோல, அடையாளம் கண்டவர்களை ஒரு பொது இடத்துக்கு அழைத்து மூன்று தரப்பு பேசும் முறை ஒன்று உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் போன்றவர்கள் ஊர் சார்பில் பேசுவார்கள். வேலை, படிப்பு, வீடு மாற உதவுகிறவர்கள் தங்களை அறிமுகப்படுத்துவார்கள். இனி யாராவது கொலைசெய்தால் அந்தக் கும்பல் முழுவதன்மீதும் கவனம் திரும்பும் என்பதைக் காவல்துறை சொல்லும். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு பாஸ்டனின் மாதாந்தர இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்தன. லண்டனின் மூன்று பரோக்களில் (உள்ளாட்சிப் பகுதிகளில்) 2015-இல் ‘ஷீல்டு’ என்ற பெயரில் இதையே முயன்றபோது எடுபடவில்லை. மேலே முடிவெடுத்துவிட்டுப் பிறகு வந்து சொல்கிறார்கள் என்று மக்கள் கருதினார்கள். ஒருவன் செய்ததற்கு எல்லோரையும் தண்டிப்பதா என்ற கோபமும் எழுந்தது. எனவே உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால் ஆரம்ப வரைவிலேயே இடம் கேளுங்கள். அழைக்கப்பட்டவர்களுக்குத் தரும் உதவி எண்ணுக்கு அழைத்தால் அன்றே ஆள் பேசுவார் என்ற உறுதி எழுத்தில் வேண்டும். பேசிவிட்டு உதவி தராமல் போனால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களை இப்படிக் கூட்டி உட்காரவைக்க வேண்டாம். அவர்களில் பலர் போதைமருந்து கடத்தப் பயன்படுத்தப்படும் பிள்ளைகள். தெரிந்த இளைஞர் பணியாளர் வீட்டுக்கே போய்ப் பேசுவதே சரி.

கூட்டமைப்பால் மட்டுமே முடிந்த வேலை, ஒரு சம்பவத்துக்கு அடுத்த சில நாட்களில் இருக்கிறது. பழிவாங்கல் பெரும்பாலும் அப்போதுதான் கிளம்பும். 1992 மே மாதம் பாஸ்டனில், கொலையுண்ட இளைஞனின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்த தேவாலயத்துக்குள்ளேயே புகுந்து ஒருவனைக் குத்தினார்கள். போதகர்கள் பிரசங்க மேடையைவிட்டு இரவுத் தெருவுக்கு இறங்கி நடந்ததும், ‘டென்பாயிண்ட்’ என்ற போதகர் கூட்டணி பிறந்ததும் அதன்பின்தான். உங்களிடம் இப்போதே ஒரே தாளில் ஒரு திட்டம் எழுதி இருக்கட்டும்: மருத்துவமனைக்கு யார் போவது, இரு வீட்டுக்கும் தனித்தனியாக யார் போவது, பள்ளியில் யாரிடம் பேசுவது, இறுதிச் சடங்கின் வழியையும் நேரத்தையும் காவல்துறையோடு யார் பேசி முடிப்பது. ஒவ்வொன்றுக்கும் இருவர், இரவு 2 மணிக்கும் எடுக்கும் எண்ணோடு. வாட்ஸ்அப் குழுவில் பெயரோ படமோ போகக்கூடாது. தொண்டர்கள் அனைவரும் டிபிஎஸ் எனும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு முடித்திருக்க வேண்டும். நடக்கும் சண்டைக்கு நடுவே யாரும் புகக்கூடாது. ஒரு பையன் கத்தியை நீட்டினால் வாங்கிக்கொண்டு நடக்காதீர்கள். பெட்டி எங்கே என்று காட்டுங்கள். உங்கள் பையில் அது இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பலன் தெரிகிறதா என்று மாத எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிறிய எண்கள் தற்செயலாகவே ஏறி இறங்கும். முடிந்த 12 மாதக் கூட்டுத்தொகையை மாதாமாதம் குறித்துவாருங்கள், மருத்துவமனைக் கணக்கையும் பக்கத்தில் வைத்து. குறைந்ததும் கலைந்துவிடவும் வேண்டாம். பாஸ்டனில் மூன்று தரப்பும் பேசும் அந்த வேலை 2000-இல் கைவிடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் துப்பாக்கிச் சூடுகள் மீண்டும் ஏறின. பொறுப்பாளர் மாறும்போது கோப்பும் தொடர்புகளும் யார் கைக்குப் போகும் என்பதை இந்த மாதக் கூட்டத்திலேயே தீர்மானித்துப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.